சித்தப்பா விட்டுக்கொடுத்த ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவன் கையிலிருந்த கன்ட்ரோலர் தெறித்து விழுந்தது. அதன் ஒயர் லேப்டாப்பை மேசை விளிம்புவரை இழுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கன்ட்ரோலர் அவன் பிறந்தநாளுக்கு அவன் அப்பா வரவழைத்தது. என் சிறுவயதில் டிவி கேம் பெட்டியோடு வந்ததைப் போலவே செய்திருக்கிறார்கள்: சாம்பல் நிறம், இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலப்பக்கம் சிவப்பாக இரண்டு. வால் முனை மட்டும் யூஎஸ்பி. ஜோடியாகத்தான் வந்தது. எமுலேட்டர் என்ற ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிவிட்டால், லேப்டாப் தன்னை அந்தக் காலத்துப் பெட்டியாகவே நினைத்துக்கொள்கிறது. அன்று நாங்கள் ஆடிய ஆட்டங்கள் அப்படியே வருகின்றன, அதே கீச்சுச் சத்தத்தோடு.

"வாம்மா, நீ ரெண்டாவது ஆளு" என்று கூப்பிட்டான். குதிப்பதற்கு எந்தப் பொத்தான் வேண்டும் என்று கேட்டு, அதன்படி அமைத்துக் கொடுத்தான். செத்துப்போனாலும் கவலை இல்லையாம். ஒரு கீயை அமுத்தி இடத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால், எத்தனை தடவை வேண்டுமானாலும் அங்கேயே திரும்பிப் போகலாமாம். "இதெல்லாம் இல்லாம நீங்கல்லாம் எப்டிதான் ஆடுனீங்களோ" என்று என்மேல் பரிதாபப்பட்டான்.

முதல் ஆட்டம் அவனுடையது. நான் என் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த பொம்மை திரையில் நின்றது. அவனும் நின்றான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் திரையிலேயே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் உலுக்கினேன்.

"ஏம்மா பேஜாரு பண்ற? கேம் ஸ்டக் ஆயிடுச்சி. எந்தக் கீய அமுத்தறதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."

அவன் அப்பா அடுத்த அறையிலிருந்து சிரித்தார். "புள்ள யோசிச்சாகூடத் தப்பா?"

நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அன்று முதல் காரணமே இல்லாமல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். விழுப்புரத்தில் எங்கள் வீடு சின்னது. எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கும். "என்னாம்மா" என்று பதில் வந்ததும் "ஒண்ணுமில்ல" என்கிறேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. சொல்வதென்றால் திண்டிவனத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடை விடுமுறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை என்று நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஓர் அரிசி மில்லில் லோடு வண்டி ஓட்டினார். விழுப்புரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு லோடு போனவர் டிவி கேம் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். பாப்பாவுக்கு, அதாவது எனக்கு, என்றுதான் வீட்டில் சொன்னார். ஆடியது பெரும்பாலும் அவர். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை பத்துப் பன்னிரண்டு. அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. எங்களுக்கு ஒன்று போதுமாக இருந்தது. மலைப்பாதையில் ஒருவன் குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவான். அதை இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆள் அவுட்டானால்தான் இரண்டாவது ஆளுக்கு ஆட்டம் வரும். முதல் ஆள் எப்போதும் சித்தப்பா.

அவர் அவுட்டே ஆகமாட்டார். அதுதான் என் கஷ்டம். ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், காலியாகும். அவர் ஓடிக்கொண்டே இருப்பார். அந்தப் பெட்டியின் இரண்டாவது கன்ட்ரோலரில் நடுப் பொத்தான்கள் கிடையாது. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்தி வைப்பதும் முதல் ஆளின் கையில். இரண்டாவது ஆளின் வேலை காத்திருப்பது.

சில நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிடுவார். கட்டைவிரல் மட்டும் ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும். உதடு எதையோ சப்புவது போல அசையும். "சித்தப்பா" என்றால் திரும்பமாட்டார். திரையில் அவருடைய ஆள் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து, உருண்டு வரும் பாறையில் அடிபட்டு விழுவான். என் ஆட்டம் வந்துவிடும். நான் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அட, நீயா ஆடற?" என்பார், ஒன்றும் தெரியாதவர் போல.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தப்பா விட்டுக்கொடுக்கிறார். நேராக விட்டுக்கொடுத்தால் எனக்கு ரோஷம் வரும் என்று இப்படி நடிக்கிறார். நானும் தெரியாதவள் போலவே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்காக இவ்வளவு சிரமப்பட்டு நடிக்கிறவர் வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த விடுமுறையில்தான் சித்தப்பாவுக்குக் கண்டமங்கலத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று. பெண்ணின் போட்டோவைச் சித்தப்பா சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வண்டி கழுவும்போதுகூட எடுத்து வைக்கமாட்டார். அடுத்ததாகப் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, தாய்மாமா, பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த நர்ஸ் அக்கா. இவள் பெண்ணுக்கு மூத்தவள். கேசரியும் காபியும் ஆன பிறகு, பெண்ணின் அப்பா கேட்க வந்ததைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசம் முந்தி கூட்டேரிப்பட்டாண்ட வண்டி பள்ளத்துல எறங்கிடிச்சாமே. பட்டப்பகல்ல. மாப்ளைக்கு இந்தப் பழக்கம் ஏதாவது..." என்று கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"என் தம்பி அதெல்லாம் கையால தொடாதுங்க" என்றாள் அத்தை.

"கண்ணு அசந்துட்டேங்க" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வந்தவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. சித்தப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர் நல்லவர் என்பதற்கு அந்த வீட்டில் என்னிடம் மட்டும்தான் சாட்சி இருந்தது.

"சித்தப்பா குடிக்க மாட்டாரு. வெளையாடறப்பகூட எனக்கு விட்டுக்குடுப்பாரு" என்றேன்.

"அப்போ பொண்டாட்டிக்கும் விட்டுக்குடுப்பாருன்னு சொல்லு" என்றார் தாய்மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து செய்து காட்டினேன்: பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தி, உதட்டைச் சப்பி, கட்டைவிரலால் காற்றைத் தட்டி. இன்னும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

நர்ஸ் அக்கா மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு வாட்டி செய் பாப்பா."

செய்தேன்.

"கூப்ட்டாத் திரும்புவாரா?"

"மாட்டாருக்கா. நடிப்பாரு."

"எவ்ளோ நேரம்?"

"என் ஆட்டம் வந்து நான் ஒரு குழி, ரெண்டு குழி தாண்டற வரைக்கும்."

"நான் எப்ப பாப்பா அப்படிச் செஞ்சேன்?" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த அக்கா என்னை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். அவர் நிஜமாகவே கேட்கிறார் என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

கிளம்பும்முன் அப்பாவைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். குழாயடியில் கை கழுவுவது போல நின்று, பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டேன். "வலிப்புலயே இது ஒரு வெதம்ணா. கை கால் இழுக்காது. அவருக்கே தெரியாது. சம்பந்தம் எப்படியோ போவட்டும், அது எங்கப்பா முடிவு. வண்டிய மட்டும் ஓட்ட விடாதீங்க."

அவர்கள் போனதும் அத்தை ஆரம்பித்தாள். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போறது. நல்லா இருக்கற புள்ளைக்கு நோவு கட்டிட்டுப் போறா பாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவளால. வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி?" அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சித்தப்பா மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் போட்டோ இருந்தது.

"பாப்பா, நெசத்தச் சொல்லு. நான் அப்படி உக்காந்துக்கினு இருந்தனா?"

நிஜத்தைச் சொன்னதற்குத்தான் இவ்வளவும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தது என்பதும் தெரிந்தது.

"இல்ல சித்தப்பா. சும்மா சொன்னேன்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார். "கழுத, இப்படியா வெளையாடுவ?" என்று எழுந்து போய் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் காலையில் வழக்கம்போல வண்டியை எடுத்தார்.

விழுப்புரத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி அப்பாவும் ஏறிக்கொண்டார். அப்படி ஒரு வேலையும் இல்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பாவின் பேச்சு பாதியில் நின்றிருக்கிறது. உதடு அசைந்திருக்கிறது. கால் அழுத்தியது அழுத்தியபடியே இருந்திருக்கிறது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்ததில் வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பயிர் இல்லாத கொல்லை ஒன்றில் போய் நின்றது. எதிரே மரநிழலில் பஸ்ஸுக்காகச் சனங்கள் நின்றிருந்தார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா வீங்கிய மணிக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இன்றும் அந்த இடத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது, நிழலில் நிற்கிறவர்களை எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனார்கள். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாராம். யாருக்கும் இல்லை என்று அப்பா சொன்னாராம். அந்தக் கேள்விதான் போன ஞாயிற்றுக்கிழமை என் மகனின் தோளைப் பிடித்தது. சித்தப்பாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வண்டி ஓட்டும் வேலை போயிற்று, அதே மில்லில் எடை போடும் வேலைக்கு மாறினார். கண்டமங்கலம் சம்பந்தம் நின்றுவிட்டது. சில வருஷம் கழித்து, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி, வேறோர் இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இன்றும் நன்றாக இருக்கிறார். பேரப்பிள்ளை இருக்கிறது.

ஆனால் அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருந்தபோது, அவர் பெட்டியைத் துடைத்து மறுபடியும் டிவியில் மாட்டினார். "வா பாப்பா" என்றார். ஓடிப்போய் என் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஆடினார். ஆடிக்கொண்டே பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். கூப்பிட்ட போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். குழி, பாறை, குழி என்று அவருடைய ஆள் ஓடிக்கொண்டே இருந்தான். நான் அவர் கண்ணையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சித்தப்பாவுக்கு என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல்லி அழுதேன். "சித்தப்பா முன்ன மாதிரி விட்டுக்குடுக்கவே மாட்டேங்குறாரும்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். சித்தப்பா ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நான் இன்னும் சத்தமாக அழுதேன்.