பூச்சுக்கு அடியில் இருந்த எண்

துப்பாக்கிச் சந்தையில் யாராவது ஒரு பழைய துப்பாக்கியை நீட்டி, "இதக் கொஞ்சம் பாரு, ஹாலிஸ்" என்று சொன்னால், என் கணவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். குனிந்து பார்ப்பார். அழகாக இருக்கிறது என்பார். கையை மட்டும் வெளியே எடுக்க மாட்டார். பத்தொன்பது வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அவருக்குக் குளிர் போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஜூலை மாதத்தில்கூட.

அதற்கு முன்பு கிழக்குக் கென்டக்கியில் எங்கள் மாவட்டத்தில் அந்தக் கைகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஹாலிஸ் ப்ரூவிட் பகலில் நிலக்கரி லாரிகளுக்கு பிரேக் மாட்டுகிற மெக்கானிக். சனிக்கிழமைகளில், இயந்திரத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்காக அதைச் சோதித்துச் சொல்கிறவர். இதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. யாராவது ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து தந்தால் வாங்கிக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் அது அரசாங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எண்பத்தாறாம் வருஷம் அந்தப் பதிவேட்டை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. இருப்பவைதான் கைமாறிக்கொண்டே இருக்கும். பதிவுக் காகிதத்தில் இருக்கிற எண்ணும், துப்பாக்கியின் நடு உடலான உடற்குழாயில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது துப்பாக்கி. கைப்பிடி, உடற்குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைத் தள்ளுகிற பூட்டு, தோட்டா வெளியே போகிற குழல் எல்லாம் சட்டத்தின் கண்ணில் உதிரிபாகம். உடற்குழாயின் எண் பதிவேட்டில் இல்லையென்றால், கையில் இருப்பது குற்றம்.

"ஹாலிஸ் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் விலை பேசுவார்கள். அவர் பார்த்து முடித்ததும் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நேரா இருக்கு" என்பார். அந்த ஒரு சொல் போதும்.

என் வேலை குறிப்பேடு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவர் எண்களை வாசிப்பார், நான் எழுதுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் மூத்த பெண்களை, கல்யாணம் ஆனவர்களையும், மரியாதைக்கு மிஸ் என்போம். மிஸ் இமொஜீன் டாக்கெட்டின் கணவர் ஆர்வல் இறந்து ஒரு வருஷம் ஆனபோது, அவர் இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் துப்பாக்கியை அந்த அம்மாள் விற்க முடிவு செய்தார். அறுபத்தெட்டு நவம்பரில் அரசாங்கம் முப்பது நாள் மன்னிப்புக் கொடுத்தது. ஒளித்து வைத்திருந்ததை யார் வேண்டுமானாலும் கேள்வியில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆர்வல் அப்போது பதிவு செய்திருந்தார். அதை வாங்க ஆசைப்பட்டவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வென்டல் ரோர்க். அவர் ஹாலிஸோடு சிறுவயதிலிருந்தே மீன்பிடிக்கப் போகிறவர். இருபது வருஷமாக இப்படி ஒன்றுக்காகப் பணம் சேர்த்துவைத்தவர்.

மிஸ் இமொஜீன் சமையலறை மேஜையில் ஒரு துவாலை விரித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தார். பக்கத்தில் எங்களுக்குக் காபியும் வாழைப்பழப் புட்டிங்கும்.

"ஆர்வல் இத வச்சு என்னத்த சுட்டாரு, மிஸ் இமொஜீன்?" என்று வென்டல் கேட்டார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ பூசணிக்காய. என்னையும் சுடலாம்னு நெனச்சிருப்பாரு. தோட்டா வெல ஜாஸ்தின்னு விட்டுட்டாரு."

எல்லோரும் சிரித்தோம். ஹாலிஸ் காகிதத்தைப் படித்தார்: 4408. கைப்பிடிச் சட்டத்தில் பார்த்தார், 4408. பூட்டை இழுத்துப் பார்த்தார், அதிலும் 4408. உடற்குழாயின் பின்பக்கம் மட்டும் கருப்புப் பூச்சு தடிமனாக இருந்தது. ஆர்வலோ வேறு யாரோ எப்போதோ தூரிகையால் பூசியது.

சேகரிப்பவர்களிடம் ஒரு ஆசாரம் உண்டு. பழைய பூச்சில் நகம் படக்கூடாது. சுரண்டினால் மதிப்புப் போய்விடும், அதுவும் விதவை வீட்டு மேஜையில் அவர் கண்ணெதிரே சுரண்டுவது மரியாதையே இல்லை. ஹாலிஸ் அந்த ஆசாரத்தை ஒருநாளும் மீறியதில்லை.

நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது பூச்சுக்கு அடியில் எண்கள் மேடு தட்டித் தெரிந்தன. முதல் இரண்டு சரியாகத் தெரியவில்லை. கடைசி இரண்டு 61.

"ஹாலிஸ், அங்கயும் என்னவோ நம்பர் இருக்கு" என்றேன் மெதுவாக.

"அது தொழிற்சாலை முத்திரை, வெர்னா. எல்லாத்துலயும் இருக்கும்." திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

வென்டல் புட்டிங்கை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் முகம் சூடாகிவிட்டது. குறிப்பேட்டில் மட்டும், 'குழாய் பின்புறம், பூச்சுக்குக் கீழே, கடைசி 61' என்று எழுதி, தேதி போட்டேன்.

ஹாலிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நேரா இருக்கு" என்றார்.

விண்ணப்பம், கைரேகை, ஷெரிஃப் கையெழுத்து என்று போய், அரசாங்க அனுமதி வர ஏழு மாதம் ஆனது. அதுவரை துப்பாக்கி மிஸ் இமொஜீன் வீட்டு அலமாரியிலேயே இருந்தது; அனுமதி வருவதற்கு முன் வாங்குகிறவர் கைக்குப் போகக்கூடாது. பிறகு அந்த ஏழு மாதம்தான் அந்த அம்மாள் தலையில் விழுந்தது.

வசந்தத்தில் கைவிடப்பட்ட கல்குவாரியில் எல்லோரும் கூடிச் சுடுவது வழக்கம். அந்த வருஷம் வென்டல் தன் கைக்கு வந்துவிட்ட துப்பாக்கியோடு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்தார்கள். முதல் முறை நான்கு தோட்டா போய்ச் சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். இந்தத் தடவை விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. விசைக்குப் பின்னால் பூட்டைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி தேய்ந்துபோயிருந்தது. வென்டல் முனையைத் தரையை நோக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தோட்டாப் பெட்டி காலியாகும்வரை அது மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது. முப்பது பேரும் சரளைக் கல்லில் குப்புற விழுந்து கிடந்தோம்.

யாருக்கும் அடிபடவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கிற ராய்ஸ் காடில் அதை வாங்கித் தன் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்துப் பிரித்தார். சூட்டில் பூச்சு தோலாக உரிந்திருந்தது. கரைப்பான் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வென்டல், ஒன் காகிதத்துல என்ன நம்பர்?"

"4408."

"கொழாய்ல 9361 இருக்கு."

கூட்டத்தில் ஒரு பையன், "அத உரசிட்டு 4408 அடிச்சுட்டா போச்சு" என்றான்.

"அடி. பத்து வருஷம் உள்ள. ஒனக்கு, எனக்கு, பக்கத்துல நிக்கிற நாய்க்கும்" என்றார் ராய்ஸ். பிறகு, "இத யாரு பாத்தது?" என்று கேட்டார்.

"ஹாலிஸ்" என்றார் வென்டல்.

ஹாலிஸ் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கழுத்துவரை சிவந்துவிட்டார். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் பாக்கறப்ப கொழாய்ல சரியான நம்பர் இருந்துச்சு" என்றார். "இது அந்தக் கொழாய் இல்ல. நடுவுல யாரோ மாத்திட்டாங்க."

நடுவில் என்றால் அந்த ஏழு மாதம். யாரோ என்றால் மிஸ் இமொஜீன், அல்லது அவர் வீட்டுப் புல்லை வெட்டித் தருகிற அக்கா மகன். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அன்று மாலைக்குள் ஊரே பேசியது. நல்ல குழாயைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு திருட்டுக் குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டாளாம் கிழவி.

வென்டல் ஒரு வக்கீல் மூலமாகத் துப்பாக்கியை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். தெரிந்த பிறகு ஒரு இரவு வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதே வக்கீல் பணத்தைத் திருப்பிக் கேட்டு மிஸ் இமொஜீனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த புதன்கிழமை சர்ச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. அவர் வழக்கமாகப் புட்டிங் வைக்கிற இடத்தில் யாரோ கடையில் வாங்கிய கேக்கை வைத்தார்கள். நான் அதில் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

குறிப்பேடு மைக்ரோவேவ் மேலே கிடந்தது. தினமும் அதைத் தூக்கித் தூசி துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தேன். காட்டினால் ஹாலிஸ் பொய்யர் ஆவார். காட்டாவிட்டால் மிஸ் இமொஜீன் திருடியாகவே இருப்பார். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினோராவது வாரம், காலைச் சாப்பாட்டின்போது ஹாலிஸ், "இமொஜீன் வீட்ட விக்கப் போறாங்களாம். லெக்சிங்டன்ல தங்கச்சிகிட்ட போறாங்களாம்" என்றார். பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்து குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த வரியின்மேல் விரலை வைத்துப் படித்தார்.

"நீ அன்னிக்கே எழுதிட்ட."

"அன்னிக்கே சொன்னேனே, ஹாலிஸ்."

"சொன்ன" என்றார். "நான் முத்திரைன்னேன்."

"குவாரியில ஏன் அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க, வெர்னா." வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு இருவரும் மிஸ் இமொஜீன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சமையலறைக்குள் போனோம்; அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஹாலிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆர்வல் கொண்டுவந்தபோதே அது இரண்டு துப்பாக்கிகளின் பாகங்கள் சேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும், பதிவு செய்தபோது ஆர்வல் கண்ணில் பட்ட எண்ணை எழுதிவிட்டார், யாரும் எதையும் மாற்றவில்லை, பார்க்க வேண்டிய இடத்தைத் தான் பார்க்கவில்லை என்றார். குறிப்பேட்டைக் கொடுத்தார்.

மிஸ் இமொஜீன் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது" என்றேன்.

"அப்ப ஒனக்கு இது தெரியும்."

"தெரியும், மிஸ் இமொஜீன்."

"பதினோரு வாரமாவா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். ஹாலிஸைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும்" என்றார் ஹாலிஸ்.

"குவாரியில எத்தன பேரு இருந்தாங்க?"

"முப்பது பேரு இருக்கும்."

"என் சமையலறையில இப்ப மூணு பேருதான் இருக்கோம், ஹாலிஸ்."

அடுத்த புதன்கிழமை சர்ச் சாப்பாட்டில், ஜெபம் முடிந்து எல்லோரும் தட்டை எடுக்கும் முன்பு, ஹாலிஸ் எழுந்து நின்று சொன்னார். வென்டல் எங்களுக்கு எதிர் மேஜையில் இருந்தார். "நான் பொய் சொன்னேன். அந்த அம்மா எதையும் மாத்தல. நான் பாக்காமலே நேரா இருக்குன்னு சொன்னேன்" என்றார். நான் அன்றே எண்ணைக் காட்டினேன் என்பதை அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். நானும் எழுந்து, எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மடியில் கிடந்த கைத்துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் பாதிப் பேர் இன்னமும் என்னைப் பாவம் என்றுதான் நினைக்கிறார்கள்.

வென்டல் தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது ஹாலிஸின் தோள் பக்கம் ஒரு நொடி நின்றார்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒன்ன ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்டா" என்றார்.

ஹாலிஸ் தன்னிடமிருந்த பதிவுத் துப்பாக்கிகள் இரண்டையும் விற்று வென்டலின் இழப்பை ஈடுகட்டினார். வென்டல் முதலில் வாங்க மறுத்தார், பிறகு அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனார். மிஸ் இமொஜீன் வீட்டை விற்றார். லெக்சிங்டனுக்குத்தான் போனார்.

இப்போது அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை நான் பார்க்கப் போகிறேன். சில நாள் பேசுவார், சில நாள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹாலிஸ் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போவார், உள்ளே வரமாட்டார். நான் முடித்துக்கொண்டு வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். வென்டலும் அவரும் கடையில் பார்த்துக்கொண்டால் தலையசைத்துக்கொள்கிறார்கள். மீன்பிடிக்கச் சேர்ந்து போவதில்லை.