பத்தாயத்துக்குள் ஒரு தவில்

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் பெருமையோடு போட்ட நாதஸ்வர ரெக்கார்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

கோபம் வர வேண்டுமா, இல்லையா? வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் ரேடியோப் பைத்தியம் தெரியும். ஒழுகினசேரியில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த மறுவாரமே கடன்காரன் மாதிரி ரேடியோ கடை வாசலில் போய் நின்றவன் நான். இப்போது ரெக்கார்டில் ஊசி ஓட்டுகிற பிக்-அப் ஒன்றையும் சேர்த்து, கிராமபோன் ரெக்கார்டையும் ரேடியோ வழியாகவே கேட்கிறேன். எல்லாம் இருந்தும் ஒரு குறை. ரேடியோவின் சொந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். அதில் தவில் வாசித்தால் தீப்பெட்டியைத் தட்டுகிற சத்தம்தான் வரும்.

என் மைத்துனர் தாணு அத்தான், என் மனைவி பகவதியின் அண்ணன், பூதப்பாண்டிக்காரர். அவர் வீட்டில் கொழும்பிலிருந்து வந்த ரேடியோகிராம் இருக்கிறது. ரேடியோவும் கிராமபோனும் ஒன்றாய்ச் சேர்ந்த பெட்டி, பீரோ அளவு. அங்கே தவில் வாசித்தால் நெஞ்சில் வந்து இடிக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டு முடித்த பிறகு, "உம்ம பெட்டியில இது வருமா மாப்பிளே?" என்பார். வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

தை மாதம் திருவனந்தபுரம் போயிருந்தபோது, யுத்தச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒருவரிடம் ஒரு பெரிய ஸ்பீக்கர் கிடைத்தது. பன்னிரண்டு அங்குலம்! பெட்டி கிடையாது, வெறும் ஸ்பீக்கர்தான். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் இணைத்துப் பார்த்தால்... சத்தம் பெரிது, கனம் இல்லை. தீப்பெட்டி போய்த் தகர டப்பா வந்திருந்தது. நாற்காலியில் சாய்த்து வைத்தேன், கதவில் கட்டினேன், மூலையில் கவிழ்த்தேன். எதற்கும் மசியவில்லை.

வழி சொன்னது பகவதி. அறுப்புக்கு முன்னால் பத்தாயத்துக்குள் இறங்கிப் பெருக்குவது அவள் வேலை. உள்ளே நின்று ஏதாவது பாட்டை முனகினால் வெளியே இருக்கிறவர்களுக்கு ஆண் குரல் மாதிரிக் கேட்கிறதாம். "அதுக்குள்ள வச்சுப் பாருங்களேன்" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்காக — பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. பெட்டி என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். முன்பக்கம் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகியிருக்கும். உச்சிப் பலகையை உருவிவிட்டு, வட்டமாக ஓட்டை போட்ட இன்னொரு பலாப் பலகையை அங்கே சொருகினேன். ஓட்டையில் ஸ்பீக்கர். பின்பக்கம் தூசி விழாமல் பகவதி ஒரு துணியைத் தைத்துக் கட்டினாள்.

ரெக்கார்டைப் போட்டேன். அம்மாடி! அறைக்குள் தவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கூரையில் ஓடு கிலுகிலுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கோயிலில் திருவிழா என்று கேட்டு வந்தார். பூதப்பாண்டி ரேடியோகிராம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்? நான் பெருமைப்பட்டேன். ஸ்பீக்கரைப் பற்றிப் பாதி, என் மனைவியின் காதைப் பற்றிப் பாதி. அன்றைக்கே அத்தானுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

அறுப்பும் முடிந்தது. களத்திலிருந்து நெல் வந்து சேர்ந்தது. எல்லாம் ஒதுங்கிய பிறகு, அத்தான் வருகிற வாரத்தில் ஒத்திகை பார்ப்போம் என்று ரெக்கார்டைப் போட்டேன்.

தகர டப்பா.

என்னடா இது? வால்வை மாற்றினேன். ஊசியை மாற்றினேன். ஒயர்களை அறுத்துத் திரும்பப் பற்றவைத்தேன். ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்தேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். கடைசியில் எலி ஞாபகம் வந்தது. பத்தாயம் என்றால் எலி இல்லாமலா? ஸ்பீக்கரின் காகிதத்தைக் கடித்துக் குதறியிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்பீக்கர் பலகையை மெல்லத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன்.

எலி இல்லை. மணிக்கட்டு வரைக்கும் நெல்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பகவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பின்னே அதுல வேற என்ன கெடக்கும்னு நெனச்சிய?"

நெல் வந்தது எனக்குத் தெரியாதா? களத்தில் நின்று அளக்க வைத்ததே நான்தான். ஆனாலும் தோன்றவில்லை. ஒன்று சரியாக ஓடவில்லையென்றால் எது உடைந்தது, எது தேய்ந்தது, எது குறைந்தது என்றுதான் தேடுகிறோம். ஏதோ நிறைந்துவிட்டதால் இப்படி ஆகியிருக்கும் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

காரணம் தெரிந்த பிறகு கவலை என்ன? நெல்லைச் சாக்குகளில் கட்டிக் கொல்லைப்புறம் அடுக்கிவிட்டு, அத்தான் போனதும் திரும்பக் கொட்டிவிடலாம் என்றேன். ஒரே ஒரு நாள்.

பகவதியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எடுக்கப்பிடாது" என்றாள். "கன்னிப்பூவுக்கு அண்ணன் வீட்டு வண்டி நம்ம வாசல்ல வந்து நின்னப்போ, தெருவே பாத்துது. நீங்க ஆபீசுல இருந்திய. நான்தான் நின்னு எறக்கினேன். அண்ணன் வரும்போ நெல்லு பத்தாயத்துலதான் கெடக்கணும்."

எங்கள் வயல் குளத்துப் பாசனத்தின் கடைசியில் இருக்கிறது. கன்னிப்பூ சமயத்தில், அதாவது போன புரட்டாசி அறுப்புக்கு முன்னால், குளம் வற்றி, பயிர் நின்றபடியே காய்ந்தது. அப்போது தங்கைக்கு நெல் அனுப்பி வைத்தவர் அத்தான். அன்போடுதான் அனுப்பினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டிச் சத்தம் இத்தனை மாதமாக இவள் காதில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தை மாதம் தவில் அவ்வளவு அழகாகக் கேட்டதே, அது எதனால்? பத்தாயம் காலியாகக் கிடந்ததால். எனக்கு வெட்கமாகிவிட்டது. நெல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு பத்தாயத்துக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தார். ரெக்கார்டு ஓடியது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார், பிறகு ஆட்டம் நின்றது.

"பாட்டு கொள்ளாம் மாப்பிளே, நல்லாத்தான் இருக்கு. தவிலுதான்... கனம் இல்ல."

எனக்கு நாக்கு துடித்தது. சொல்லிவிடலாமா? பகவதி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபியைக் குடித்தேன்.

பக்கத்தில் பார்க்கலாம் என்று அத்தான் எழுந்து வந்தார். விவசாயி ஆயிற்றே, பத்தாயத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் நெல் எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்க்க மாட்டோம், தட்டித்தான் பார்ப்போம். காலியாக இருந்தால் 'டொம்' என்னும். அவர் விரல் முட்டியால் அடிப்பலகையைத் தட்டினார். 'டக்.' நடுப்பலகை — 'டக்.' ஸ்பீக்கருக்கு ஒட்டின கீழ்ப்பலகை... அதுவும் 'டக்.'

"மாப்பிளே, அந்தப் பாட்ட நிறுத்தும்" என்றார்.

நிறுத்தினேன். வீடு அமைதியாகிவிட்டது. அத்தான் மறுபடி கீழேயிருந்து மேல் வரை நிதானமாகத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"இதக் கேக்கத்தான் வந்தேன்னு வச்சுக்கிடு, மக்கா."

பகவதி உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். எந்த ரேடியோகிராமுக்கும் அதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சாயங்காலம் அத்தான் புறப்படும்போது, வண்டியில் ஒரு மூட்டை நெல் ஏறியது. எங்கள் வயல் நெல். வேண்டாம் என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே வாங்கி, வண்டியில் நன்றாகத் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. பகவதி வாசலில் வந்து நின்றாள், வண்டி திருப்பம் திரும்புகிற வரைக்கும் உள்ளே போகவில்லை.

அந்த மூட்டை குறைந்ததிலிருந்து தவில் ஒரு நூல் கனமாகக் கேட்கிற மாதிரி எனக்குப் படுகிறது. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது — வாசகர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்!