கடுகு டப்பாவில் ஒளித்த மாத்திரை

எனக்கு அப்போது ஆறாம் மாதம். இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் ரத்த அளவு எட்டைத் தாண்டவில்லை. குறுவை நடவில் மூன்றாம் மாதம்வரை வெறுங்காலோடு வயலில் இறங்கியவள் நான். சேற்றில் செருப்போடு எவள் நடுவாள்? அப்படித்தான் கால் வழியாகக் கொக்கிப்புழு உடம்புக்குள் ஏறியிருக்கும் என்று சொல்லி, எங்கள் கிராம நர்ஸ் ஒரே ஒரு பூச்சி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அதைத் தின்னவில்லை. அட்டையோடு கடுகு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். பூச்சியைக் கொல்கிற மருந்துக்குப் பிள்ளையை அடையாளம் தெரியுமா என்று எங்கள் தெருவில் பேசுவார்கள். ஏற்கெனவே வயிற்றுப் பிள்ளை ஒன்றை ஐந்தாம் மாதத்தில் பறிகொடுத்த எனக்கு அந்தப் பேச்சே வேதவாக்கு.

மறுவாரம் நர்ஸ் வீட்டுக்கே வந்தார். "மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேங்க."

"எப்படி இருந்துச்சு?"

"ஒரே கசப்புங்க."

"அடி கள்ளி! அது இனிப்பு மாத்திரை. மென்னு திங்கறது."

மாட்டிக்கொண்டேன். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். "போன தடவை போன புள்ளைய நீங்களா திருப்பித் தந்தீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "அந்தப் புள்ளை போனப்ப எந்தப் பூச்சி மாத்திரை சாப்பிட்டிருந்தே?"

"எதுவும் இல்லீங்க."

"அப்ப அது மாத்திரையால போகலையே. இப்ப புள்ளைக்குப் போற ரத்தத்தைப் புழு குடிக்குது. இப்படியே விட்டா பிரசவத்துல ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா."

என் பிள்ளையின் பங்கில் வாய்வைக்க அதுகள் யார்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கடுகு சிதறச் சிதற டப்பாவைக் கவிழ்த்து, மாத்திரையை எடுத்து அவர் எதிரிலேயே மென்றேன். நிஜமாகவே இனித்தது.

அவர் போன பிறகுதான் பயம் பிடித்தது. மத்தியானம் முழுக்க வயிற்றில் அசைவே இல்லை. உலை வைக்கவில்லை, சிதறிய கடுகைக்கூடக் கூட்டவில்லை. ஐயோ, அவசரப்பட்டுவிட்டேனே என்று வயிற்றில் கைவைத்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது உள்ளிருந்து ஒரு உதை விழுந்தது. அடுத்தது அதைவிடப் பலமாக.

வயலிலிருந்து வந்த கணவர், நான் ஓவென்று அழுவதையும் தரையெல்லாம் கடுகு கிடப்பதையும் பார்த்துப் பதறிப்போனார். "என்ன ஆச்சு? ஆட்டோ கூப்பிடவா?"

"ஒண்ணும் வேணாங்க," என்றேன். "உதைக்குது. கையை வச்சுப் பாருங்க."