மூன்றாவது கோடு

பயிற்சிக் காரின் முன்சக்கரம் இரண்டு, பின்சக்கரம் இரண்டு என்று நான்கையும் அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே விரலைச் சட்டைக்கு மேலாகத் தன் இடது மார்பிலும் வைத்து அழுத்துகிறார். டயராவது கொஞ்சம் அமுங்குகிறது. மார்பு அமுங்கவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறுகிறார்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில், பதினோரு வருடமாகிறது. மாணவிகள் முகத்துக்கு நேரே ‘மிஸ்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பிரேக் அக்கா’. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவருடைய வலது கால் எப்போதும் அதன் மேல்தான் இருக்கும். “பயப்படாதீங்க, உங்க பயத்தையும் சேர்த்து நானே படுறேன்” என்பார் புதிதாக வருகிறவர்களிடம். அது வெறும் பேச்சில்லை.

டாஷ்போர்டில் ஒரு மிட்டாய் டப்பா இருக்கும். அது மாணவிகளுக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். யாராவது நடுச்சாலையில் எஞ்சினை அணைத்துவிட்டால் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். “வாய்ல மிட்டாய் இருந்தா வசவு வராதும்மா.” இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவார், கியரில் கை வைப்பார், ஆனால் மாணவியின் சிக்னலை மட்டும் தொட்டதே இல்லை. “சிக்னல்ங்கறது நீங்க ரோட்டுகிட்ட பேசுறது. உங்களுக்காக நான் பேச முடியாது” என்பார்.

சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் துவாலையை மடித்து வைத்துக்கொள்வது மட்டும் புதுப்பழக்கம். இரண்டு வருடம் முன்பு இடது மார்பில் புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்த அன்றே தோலுக்கு உள்ளே ஒரு சிலிகான் பையை வைத்து அதை மீண்டும் உருவாக்கிக்கொடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று குனிந்து பார்த்தார். அங்கே ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தான் அன்று அழவில்லை என்று கணவரிடம் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. “கதிர் பட்ட பக்கம் சில பேருக்கு அந்தப் பையைச் சுத்தி உள்ளேயே ஒரு உறை மாதிரி இறுகும். கெட்டியாகும், மேல ஏறும், வலிக்கும். அதைப் பொறுமையா பாத்துக்கலாம். ஆனா தோல் சிவந்தா, சூடா இருந்தா, காய்ச்சல் அடிச்சா, அன்னைக்கே வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. கிருமி உள்ள போயிட்டா பையை எடுக்க வேண்டி வந்தாலும் வரும். கதிர் பட்ட தோல் சீக்கிரம் ஆறாது. திரும்ப வைக்க முடியுமான்னு இப்பவே சொல்ல முடியாது.”

இறுகியது போன வருடம். அதற்குக்கூட அவர் பழகிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், “எப்படிம்மா இருக்கு இன்னைக்கு?” என்று காலையில் கேட்பார். “ரோடு மாதிரி இருக்கு.” “எந்த ரோடு?” “அதைக் கேட்டாத்தான் வம்பு.” இருவரும் சிரிப்பார்கள். ஆறு நாள் முன்பு தழும்புக்குப் பக்கத்தில் நகத்தளவு சிவப்பு தெரிந்தது. அதை மட்டும் அவர் கணவரிடம் சொல்லவில்லை.

வியர்வையாக இருக்கும், பெல்ட் உரசியிருக்கும். அப்படி இல்லையென்றால்? பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதையென்று மிதிக்கவும் முடியாமல், பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். இதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் தாண்டிவிட்டது. ஒரு விரல்கடை தள்ளி இன்னொரு கோடு போட்டார். இன்று காலை அதையும் தாண்டியிருந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூன்றாவதைப் போட்டார். அது வட்டமாகக்கூட வரவில்லை.

இன்றைய முதல் மாணவி நூலகத்தில் வேலை பார்க்கும் ஐம்பது வயது அம்மாள். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர். மூன்று முறையும் பின்னால் எடுத்து நிறுத்தும்போது கோட்டை மிதித்ததுதான் காரணம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டி, லாரிகள் கிளம்பிப்போன ஒரு காலி மைதானம். அங்கே வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் பயிற்சி நடந்தது. அம்மாள் மெதுவாகப் பின்னால் வந்தார். இடது சக்கரம் கோட்டில் ஏறி நின்றது.

“போச்சு” என்றார் அம்மாள். பிறகு, சிரிப்பு வரவழைக்கும் எண்ணத்தில், “மிஸ், இந்தக் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கலாமா? நான் சாக்பீஸ் வச்சிருக்கேன்.”

“கோட்டைத் தள்ளிப் போட்டா பாஸ் ஆயிடுவீங்களாக்கா?”

பதினோரு வருடத்தில் நூறு பேருக்காவது சொல்லிய பதில். பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இனிக்கவில்லை. துவாலைக்கு அடியில் சட்டை அடுப்புப் பக்கம் கிடந்த துணி போலச் சுட்டது. காலையிலிருந்தே உடம்பு சுடுகிறது என்பதை அவர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பயமாக இருந்தது. பையை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். இந்த ஆறு நாளில் எல்லாம் கைமீறிப் போயிருக்குமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

“மிஸ், முகம் ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?”

“நீங்க வண்டியை எடுங்கக்கா.”

அம்மாள் வண்டியை எடுத்தார். ஆச்சரியமாக, எஞ்சின் அணையவில்லை. மைதானத்து வாசலில் ஒழுங்காக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். வலப்பக்கம் போனால் வழக்கமான பயிற்சிச் சாலை.

“வழக்கம்போல வலதுதானே மிஸ்?”

அவர் வலது கையை நீட்டி, அம்மாளின் விரல்களைத் தாண்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சிக்னலை இடப்பக்கம், ஆஸ்பத்திரிப் பக்கம், தட்டிவிட்டார்.