பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்துக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். குழாய் ஒன்று, வீட்டுக்கு வீடு மோட்டார். இரண்டு மோட்டார் ஒரே நேரத்தில் ஓடினால் மேல்வீட்டுக்கு வெறும் காற்றுதான். எனவே அப்பா அட்டவணை எழுதி மாடிப்படியில் ஒட்டினார். மூன்றாம் மாடிக்கு ஐந்தே முக்கால் முதல் ஆறு வரை. இரண்டாம் மாடியான எங்களுக்கு ஆறிலிருந்து ஆறேகால். அரசாங்க உத்தியோகஸ்தர் அல்லவா, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் நாகர்கோவில் நர்ஸ் அக்கா. எனக்குத் தலை பின்னிவிடுவாள். அம்மாவுக்குத் தமிழில் பேச அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் ஆளில்லை. ஒரு நாள் காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"அஞ்சே நிமிஷத்துல தண்ணி நின்னு போகுது சார். குளிக்காம எப்படி டியூட்டிக்குப் போவேன்?"

அப்பா சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். "டாண்ணு ஆறு மணிக்குத்தாம்மா மோட்டார் போடறோம். உன் வாட்சைப் பாரு, ஸ்லோ!"

அதற்குப் பிறகு அக்கா கீழே வரவில்லை. வேறு வீடு பார்க்கிறாளாம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் காலை ரேடியோவில் ஆறு மணி அடித்தபோது எங்கள் கடிகாரம் ஆறு பத்து காட்டியது. ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க அப்பாவே எப்போதோ முன்தள்ளி வைத்தது, அவருக்கே மறந்துவிட்டது. நான் சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி, யாரிடமும் சொல்லாமல் முள்ளைத் திருப்பி வைத்தேன்.

அடுத்த நாள் மேலே தண்ணீர் ஏறியது. அப்பாவுக்குப் பஸ் போய்விட்டது. உண்மையைச் சொன்னேன், முதுகில் ஒன்று விழுந்தது. "ஆபீஸ் போறவன் கடிகாரம் இப்படித்தான் இருக்கணும்" என்று பழையபடி பத்து நிமிடம் தள்ளி வைத்தார். அம்மா கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள்.

ஆனாலும் மேலே தண்ணீர் நிற்கவில்லை. அக்கா நேந்திரங்காய் வறுவலோடு வந்து என் தலையைப் பின்னினாள்.

"பார்த்தியா? ரூல்படி நடந்தா எல்லாம் சரியா வரும்" என்றார் அப்பா.

நானும் நம்பினேன். தினமும் கடிகாரம் ஆறு காட்டிய பிறகும் அம்மா மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி வெகுநேரம் சும்மா நிற்பாள். தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.