கேக் பெட்டிக்கு லைன் கிளியர்

பிள்ளைகளே, கேக் பெட்டிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன் பெட்டிக் கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, "லைன் கிளியர்" என்று உரக்கச் சொல்லாவிட்டால் உங்கள் அம்மா தீக்குச்சியைக் கையில் தருவதில்லை. ரயிலடியில் பேசுகிற பேச்சு அடுப்படிக்கு ஏன் வந்தது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். அது வந்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் ரெங்கம் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தடம் மாற்றிவிடும் வேலை. குவாட்டர்ஸ் வீடு பலகைச் சுவர், பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த சமையல் கொட்டகை. நீங்களெல்லாம் பிறக்கவில்லை, பெரியவள் மட்டும் தூளியில் கிடந்தாள். என் அக்கா, உங்கள் அத்தை, எங்களோடு இருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மாற்றலாகிப் போகும்போது அவர் மனைவி இரண்டு திரி மண்ணெண்ணெய் அடுப்பையும், அதன் மேல் தூக்கி வைத்துக் கேக் சுடுகிற தகரப் பெட்டியையும் உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அதைப் போறணை என்பார். நம் வீட்டில் அது கேக் பெட்டி ஆயிற்று. கொடுக்கும்போது படித்துப் படித்துச் சொன்னார். அடுப்பு ஆறிய பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும், வழிய வழிய ஊற்றக் கூடாது. திரி சமமாக இருந்தால் சுடர் நீலமாக நிற்கும்; மஞ்சளாகி ஆடினால் திரியை வெட்டு. எரிகிற அடுப்பை நகர்த்தாதே. ஜன்னலைச் சாத்தாதே. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே.

அக்காவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. அவர்கள் முன்பு இருந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரு லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், ஓலைக் கூரையில் தீப்பிடித்துப் போயிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள். "தம்பி, இந்தப் பூதம் ஒரு தடவ நெருப்பக் கக்குச்சுன்னா அன்னிக்கே வீட்ட விட்டுப் போயிரணும். சத்தியம் பண்ணு" என்றார்கள். பண்ணினேன். உங்கள் அம்மா அன்றிலிருந்து அந்த அடுப்பைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். பழைய விறகடுப்புக்கு மேலே விறகும் உப்புச் சாடியும் ஈரம் படாமல் வைக்கிற பரணைக்கூட, அடுப்புக்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது என்று கழற்றிவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. ரெங்கத்து மழையில் உப்பு தண்ணீராகும், நெருப்புப் பெட்டி நமுத்துப் போகும். அப்படி ஒரு மத்தியானம் அம்மா முட்டை அடித்து, மாவு கலந்து வைத்துவிட்டு, பெட்டி சூடாகட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'புஸ்' என்று ஒரு சத்தம். மேல் துவாரத்தில் கரும்புகை.

அவள் கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கொழுந்து வெளியே வந்திருக்கும். இரண்டு திரியையும் இறக்கி அணைத்தாள். தூளியிலிருந்த குழந்தையை அக்கா கையில் கொடுத்து முற்றத்துக்கு அனுப்பினாள். எண்ணெய்த் தகரத்தை வெளியே வைத்தாள். சாக்கை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். புகை தானாக நின்றது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் டூட்டி முடிந்து வந்தபோது பெட்டி ஆறியிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, சத்தியம்."

உங்கள் அம்மா மாவுச் சட்டியை மூடிக்கொண்டே, "கொண்டுபோங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மணிலாக் கயிறு எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டித் தூக்கினேன். உள்ளே ஏதோ கலகலவென்றது.

கயிற்றைத் தளர்த்திக் கதவைத் திறந்தேன். கரிந்த தீக்குச்சிகள் சரிந்து விழுந்தன.

"இதுக்குள்ள நெருப்புப் பெட்டிய யாரு வெச்சது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்தார்கள்.

"நமுத்துப் போச்சுன்னு நேத்து ராத்திரி வெச்சேன். சூடு மிச்சம் இருந்துச்சு. எங்க வெக்கிறது? இருந்த பரணையும்தான் இவ புடுங்கிட்டாளே."

"அண்ணி, நீங்க இந்தப் பூதத்தத் தொறந்தீங்களா?" என்றாள் அம்மா.

"தொறந்தா கடிக்குமா?"

"எத்தன நாளா?"

"எத்தன நாளா இருந்தா உனக்கென்ன? உப்பு பொலபொலன்னு கொட்டுதே, அது எப்படின்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் அக்காவும் சிரித்துவிட்டார்கள்.

"அப்ப சத்தியம், அக்கா?"

"பெட்டி என்ன பண்ணும், பாவம். வெச்சது நானு. இருக்கட்டும். ஆனா பாக்காம பத்தவெச்சா பாரு, அவளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"பாக்காம ரயில விடுறதில்ல அக்கா நாங்க. தண்டவாளத்துல ஒன்னும் இல்லன்னு பாத்து, லைன் கிளியர்னு சொன்ன பிறகுதான்."

"அதையே இங்கயும் சொல்லச் சொல்லு" என்றார்கள் அக்கா. அப்படித்தான் அந்தப் பேச்சு நம் அடுப்படிக்கு வந்தது. நெருப்புப் பெட்டிகளுக்கு அன்றே ஒரு மூடி போட்ட பால் டின்னைக் கதவோரம் மாட்டினோம், ஈரத்தை இழுக்க அடியில் வறுத்த அரிசி போட்டு. அந்த டின் இன்றும் நம் அடுப்படிக் கதவோரம்தான் தொங்குகிறது.

மாவு காத்திருந்து காத்திருந்து தளர்ந்துவிட்டது. கேக் பலகை மாதிரி வந்தது. காப்பியில் தோய்த்து மூன்று பேரும் தின்றோம். அக்காதான் அதிகம் தின்றார்கள்.

அவர்கள் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போன பிறகு நான் கொட்டகைக்குத் திரும்பினேன். அவசரத்தில் அவிழ்க்காமல் பெட்டியிலிருந்து உருவிப் போட்டிருந்த கயிறு ஈரத் தரையில் முடிச்சோடு கிடந்தது. ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. கத்தியால் அறுக்க மனம் வரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.