பக்கா டூப்ளிகேட்

காப்பி என்று நம்பி வாங்கிய பொருள் ஒரிஜினலாக இருந்துவிட்டது என்பதற்காகக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போன ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். 2006இல் டிகிரியைக் கையில் பிடித்துக்கொண்டு துபாய் வந்து இறங்கிய நான், சத்வாவில் அவருடைய வாட்ச் கடையில்தான் ஒட்டிக்கொண்டேன்.

கல்லாவுக்குப் பின்னால், வெல்வெட் ஒட்டிய வாட்ச் தட்டில் நாஜி ஜெர்மனியின் மெடல்களை அடுக்கிவைத்திருந்தார். சண்டையில் காட்டிய வீரத்துக்கு இரும்புச் சிலுவை, காயம்பட்ட சிப்பாய்க்கு ஒரு பேட்ஜ், சர்க்கார் வேலையில் நரைத்தவனுக்கு ஒன்று, நிறையப் பிள்ளை பெற்ற தாய்க்கு நீலச் சிலுவை. அத்தனையும் நகல். "பாய் கடையில இவ்வளவு சிலுவையா?" என்று வருகிறவனெல்லாம் ஓட்டுவான். மச்சான் அசரமாட்டார். அந்த நீலச் சிலுவையைத் தூக்கிக் காட்டுவார். "எட்டுப் பெத்தா தங்கம். எங்க உம்மா பெத்தது ஒன்பது, தங்கத்தோட ஒரு வாட்சும் சேர்த்துக் குடுத்திருக்கணும். ஆனா யூதப் பொம்பளை பத்துப் பெத்தாலும் கெடையாது. அவளுக்கு வேற எடம் வச்சிருந்தானுவ." துண்டுத் தகரத்தைக் காட்டி ஒரு நாட்டையே எப்படி வேலை வாங்கினார்கள் என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "வாட்ச்சுல காப்பி விக்க மாட்டேன், மெடல்ல ஒரிஜினல் வாங்க மாட்டேன். ஒரிஜினல்னா எவனோ ஒருத்தன் அதுக்காக எதையோ செஞ்சிருக்கான், மாப்ள."

ஒரு வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கும் பட்டாணி பாயிடம் இன்னொரு இரும்புச் சிலுவை வாங்கி வந்தார். தட்டில் இருந்ததைவிட நல்ல நகல் என்று சந்தோஷம். மறுநாள் கடையில் லென்சைக் கண்ணில் மாட்டிப் பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. விளிம்பு தனி, நடுவில் கறுப்பு இரும்பு தனி, இரண்டையும் பற்றவைத்த கோடு. காந்தத்தை நீட்டினார். டக்கென்று ஒட்டியது. மற்ற நகல்களில் ஒன்றுகூட ஒட்டியதில்லை. மச்சானுக்கு முகம் செத்துப்போனது. எனக்கோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெரிய கஸ்டமர் உள்ளே வந்தார். ஒரு கம்பெனியின் மேனேஜர், வெள்ளைக்காரர். வருடா வருடம் ஸ்டாஃபுக்குக் கொடுக்கும் வாட்ச் மொத்தத்தையும் எங்களிடம்தான் எடுப்பார். அவரும் மெடல் பைத்தியம்தான், ஆனால் ஒரிஜினலைத் தவிர எதையும் தொடமாட்டார். பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். எடுத்துச் சட்டையில் வைத்துக்கொண்டு, கடைக் கண்ணாடி முன்னால் போய்த் தோளை நிமிர்த்தி நின்றார். மெல்லச் சிரித்தார். என்ன விலை வேண்டுமோ கேள் என்றார்.

"நாட் ஃபார் சேல், சார்."

அப்படியென்றால் வாட்ச் ஆர்டருக்கு நான் வேறு கடை பார்க்கவேண்டியதுதான், நாளைக்கு வருகிறேன், யோசித்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குடுத்துத் தொலைங்க மச்சான்! நம்ம கடையே அந்தாளு ஆர்டர்லதான் ஓடுது!"

"நெஞ்சுல வச்சதும் எப்படி நிமிந்தான், பாத்தியா?" என்றபடி ஷட்டரை இறக்கினார்.

நேரே ஷார்ஜா. பட்டாணி பாயிடம் மெடலை நீட்டி, "பாய், யே அஸ்லி ஹை, ஒரிஜினல்," என்றார், கெட்டுப்போன மீனைத் திருப்பிக் கொடுக்கிற குரலில். என் கடையில் ஒரிஜினலா என்று பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அஸ்லி? மேரே துகான் மே? கசம் சே, பக்கா டூப்ளிகேட்!" என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் சரக்கு போலிதான் என்று சத்தியம் செய்கிற வியாபாரியைப் பார்க்கக் கூட்டமே கூடிவிட்டது. மச்சான் காந்தத்தை ஒட்டவைத்துக் காட்டினார். பாய் மெடலையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். காசைத் திருப்பிக் கொடுத்தார். "தும் பாகல் ஹோ," நீ ஒரு பைத்தியம் என்றார், ரொம்ப மரியாதையாக.

பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "அந்தாளு அங்கயே போய் வாங்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வாங்கிட்டுப் போறான். அத அவன் நெஞ்சுல குத்திவிட்ட கை என் கை இல்ல."

கெத்து என்றால் இதுதான். யார் எந்த ஹீரோவைப் பற்றிப் பேசினாலும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் மச்சானைப் பற்றித்தான் சொல்வேன். மறுநாள் அந்த மேனேஜரிடமும் மச்சான் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

இந்த வருட வாட்ச் ஆர்டரும் எதிர்க் கடைக்குத்தான் போயிருக்கிறது.